வேடிக்கை பார்த்த பிள்ளைக்கு ஒரு புத்தகம்

ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் ஆறாம் வகுப்பைக் கவனித்தால் ஒன்று தெரியும். ஐந்தாவது வரை சொந்த ஊர்த் தொடக்கப் பள்ளியில் ஏழெட்டுப் பேரோடு படித்த பிள்ளைகள், தர்மபுரி மாவட்டம் பென்னாகரத்தைச் சுற்றியுள்ள பல ஊர்களிலிருந்து வந்து ஒரே அறையில் உட்காருகிறார்கள். யார் எந்த ஊர், எந்தத் தெரு, அப்பாவுக்கு என்ன வேலை, சத்துணவுத் தட்டோடு யார் பக்கத்தில் யார் உட்காருவது என்பதெல்லாம் அந்த முதல் சில வாரங்களிலேயே முடிவாகிவிடும். பட்டப்பேர்களும் அப்போதுதான் விழும். ஆறாவதில் விழுந்த பேர் எட்டாவது முடிந்து டிசி வாங்கும் வரை கூடவே வரும்.

நான் அரசுப் பள்ளி ஆசிரியை. பள்ளி நூலகமும் என் பொறுப்பில்தான் இருக்கிறது. நூலகம் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். இரண்டு பீரோ, ஒரு கொடிக்கயிறு, அதில் கிளிப் போட்டுத் தொங்கவிட்ட சின்னப் புத்தகங்கள், அவ்வளவுதான். "பசங்க ஒருத்தன ஒருத்தன் ரொம்ப ஓட்டுறாங்க, திருந்தற மாதிரி கதை ஏதாவது இருந்தா குடுங்க டீச்சர்" என்று சக ஆசிரியர்கள் கேட்பார்கள். பக்கத்துப் பள்ளிகளிலிருந்தும் கேட்கிறார்கள். இந்தக் கேள்வியை நான் பெரிதாகவே எடுத்துக்கொள்கிறேன். பதினோரு வயதில் ஒரு பிள்ளை பள்ளிக்கு வரப் பயப்பட ஆரம்பித்தால், எங்கள் பக்கத்தில் அது எங்கே கொண்டுபோய் விடும் என்று எல்லோருக்கும் தெரியும். பையன் என்றால் கட்டட வேலைக்குப் பெங்களூருக்குப் பஸ் ஏறிவிடுவான். பெண் பிள்ளை என்றால் பதினெட்டு ஆகும் முன்பே கல்யாணப் பேச்சு வந்துவிடும்.

சரி, எந்தக் கதையைக் கொடுப்பது?

புத்தகக் கண்காட்சியில் இந்த மாதிரிக் கதை ஒன்று கையில் கிடைத்தால் நான் முதலில் கடைசி நான்கு பக்கங்களைப் படிப்பேன். பிரச்சினை எப்படித் தீர்கிறது என்று பார்க்கத்தான். நம்மிடம் வரும் கதைகளில் பெரும்பாலும் ஒரே வழிதான். குள்ளமாகவோ கறுப்பாகவோ திக்கிப் பேசுபவனாகவோ ஒரு பையன் இருப்பான். எல்லோரும் கேலி செய்வார்கள். ஒருநாள் கேலி செய்தவன் கிணற்றில் விழுவான், இவன் காப்பாற்றுவான். இல்லையென்றால் இவன் மாவட்டத்திலேயே முதல் மதிப்பெண் எடுப்பான். உடனே எல்லோரும் மன்னிப்புக் கேட்டுக் கைதட்டுவார்கள். இந்தக் கதையை நான் வாங்குவதில்லை. கிணற்றில் யாரும் விழாத வகுப்பில், முதல் மதிப்பெண் எடுக்க முடியாத பிள்ளை என்ன செய்வது? ஏதாவது சாதித்தால்தான் உன்னை மனுசனாக மதிப்பார்கள் என்று அந்தப் பிள்ளையிடமே அந்தக் கதை சொல்கிறது. அடி வாங்குகிறவன் திருப்பி அடித்து ஜெயிக்கிற கதையும் எனக்கு வேண்டாம். அது சினிமாவில் நன்றாக இருக்கும். பள்ளியில் திருப்பி அடித்த பிள்ளையைத்தான் முதலில் தலைமையாசிரியர் அறை வாசலில் நிற்க வைப்பார்கள்.

இரண்டாவதாக, கதையை யார் கண் வழியாகச் சொல்லியிருக்கிறார்கள் என்று பார்ப்பேன். எனக்கு இதுதான் முக்கியம்.

நாற்பது பேர் இருக்கும் வகுப்பில் சீண்டுகிறவர்கள் இரண்டு மூன்று பேர். சிக்குகிறவர்கள் ஒன்றிரண்டு பேர். மீதி முப்பத்தைந்து பேரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், சிரிக்கிறார்கள், அல்லது குனிந்து நோட்டில் எதையோ எழுதுகிறார்கள். 1996-இல் பின்லாந்து ஆய்வாளர் கிறிஸ்டினா சல்மிவல்லியும் அவரது குழுவினரும் இந்த முப்பத்தைந்து பேரைத்தான் பிரித்துப் பார்த்தார்கள். கூடச் சேர்ந்து சீண்டுகிறவர்கள், சிரித்து ஏற்றிவிடுகிறவர்கள், ஒதுங்கிப் போகிறவர்கள், தடுக்கிறவர்கள் என்று வகுப்பில் கிட்டத்தட்ட எல்லோருக்கும் ஒரு பங்கு இருக்கிறது என்றார்கள். 2001-இல் கனடாவில் வெளிவந்த இன்னொரு ஆய்வில் விளையாட்டு மைதானங்களில் கேமராவும் மைக்கும் வைத்துப் பதிவு செய்து பார்த்திருக்கிறார்கள். சீண்டல் நடக்கும் பத்துத் தடவையில் கிட்டத்தட்ட ஒன்பது தடவை பக்கத்தில் வேறு பிள்ளைகள் இருந்தார்கள். அவர்கள் குறுக்கே வந்தது ஐந்தில் ஒரு தடவைதான். ஆனால் அப்படி வந்தபோது, பாதிக்கு மேற்பட்ட தடவை பத்தே வினாடியில் சீண்டல் நின்றுவிட்டது. பத்து வினாடி என்றால் "டேய், விடுடா அவன" என்று சொல்லும் நேரம்தான். அதைச் சொல்ல ஒரு பிள்ளைக்குத் தைரியம் வரவழைக்கிற கதையைத்தான் நான் தேடுகிறேன். சீண்டுகிறவனைத் திருத்துவதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

எலினார் எஸ்டஸ் என்ற அமெரிக்க எழுத்தாளர் 1944-இல் எழுதிய 'த ஹண்ட்ரட் டிரஸஸ்' இந்த வகையில் எனக்கு மிகவும் பிடித்த கதை. சிபிஎஸ்இ பத்தாம் வகுப்பு ஆங்கிலப் பாடநூலில் இதன் பகுதி இருந்ததால் சிலருக்கு ஞாபகம் இருக்கலாம். போலந்திலிருந்து குடியேறிய ஏழை வீட்டுப் பெண் வாண்டா. தினமும் ஒரே வெளுத்த நீலக் கவுனைப் போட்டுக்கொண்டு வருவாள். வீட்டில் நூறு கவுன் இருக்கிறது என்பாள். பெக்கி என்கிற பெண் தினமும் அதையே கேட்டுக் கேட்டுக் கிண்டல் செய்வாள். கதை ஓடுவது வாண்டாவின் மனதுக்குள்ளோ பெக்கியின் மனதுக்குள்ளோ இல்லை, பெக்கியின் பக்கத்தில் சும்மா நிற்கும் தோழி மேடியின் மனதுக்குள். மேடியும் ஏழைதான். பெக்கி போட்டுக் கழித்த துணியைத்தான் அவள் உடுத்துகிறாள். வாய் திறந்தால் அடுத்து தன் பக்கம் திரும்பிவிடுவார்கள் என்று பயப்படுகிறாள். வாண்டாவின் குடும்பம் ஊரைவிட்டே போய்விடுகிறது. மேடியால் நேரில் பார்த்து மன்னிப்புக் கேட்க முடியவில்லை. இனிமேல் ஒருபோதும் பேசாமல் நிற்க மாட்டேன் என்று தனக்குத் தானே முடிவெடுப்பதோடு சரி. வாண்டா கடைசி வரை திரும்பி வரவில்லை. நேரில் ஒரு சமாதானம் நடத்தி முடித்துவைக்காததால்தான் இந்தக் கதை பிள்ளைகளை விடாமல் துரத்துகிறது.

எங்கள் பிள்ளைகளுக்கு அதை ஆங்கிலத்தில் கொடுக்க முடியாது. நூலகப் பாடவேளையில் தமிழில் வாய்மொழியாகச் சொல்வேன். அரசாங்கம் சீருடை கொடுப்பதால் துணி வித்தியாசம் வகுப்பில் தெரியாதே என்று நினைப்பவர்கள், பிறந்தநாள் அன்று வந்து பார்க்க வேண்டும். அன்றைக்கு மட்டும் கலர் டிரஸ் போட்டு, சாக்லேட் கொண்டுவரலாம். பிறந்தநாளிலும் சீருடையிலேயே வரும் பிள்ளை, யாராவது தேதியை ஞாபகம் வைத்துக் கேட்டுவிடுவார்களோ என்று காலையிலிருந்தே தலையைக் குனிந்து உட்கார்ந்திருக்கும். வாண்டா கதையைச் சொன்ன ஒரு வகுப்பில் கதை முடிந்ததும் யாரும் பேசவில்லை. அப்புறம் ஒரு ஏழாம் வகுப்புப் பெண் எழுந்து கேட்டாள்: "டீச்சர், மேடி லெட்டராவது போட்டாளா?" போட்டார்கள், பெக்கியும் அவளும் சேர்ந்து எழுதினார்கள் என்றேன். "அதுல ஸாரின்னு எழுதுனாளா?" என்றாள். எழுதத்தான் நினைத்தார்கள், கடைசியில் சாதாரண நலம் விசாரிப்பாகவே எழுதிவிட்டார்கள் என்றதும் வகுப்பு முழுக்க ஒரே சண்டை. எழுதியிருக்க வேண்டும் என்று பாதிப் பேர், எழுதினால் மட்டும் சரியாகிவிடுமா என்று பாதிப் பேர். அந்தச் சண்டையில் நான் குறுக்கே போகவில்லை.

வெளிநாட்டுக் கதையோடு நின்றுவிட முடியாது. கிண்டல் என்பது அந்தந்த ஊரின் மண்ணிலும் தண்ணீரிலும் இருந்து எடுக்கப்படுவது. எங்கள் மாவட்டத்தில் நிஜமாகவே தண்ணீரில் இருந்து எடுக்கிறார்கள். தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டிலும் நிலத்தடிப் பாறையில் இருக்கும் ஃப்ளூரைடு என்ற உப்பு கிணற்றிலும் போர் தண்ணீரிலும் கலந்துவிடுகிறது. இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம். வேறு தண்ணீரே இல்லையென்றால் 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம். இங்கே பல ஊர்களில் அதையும் தாண்டியிருந்தது. ஜப்பான் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் போட்டு, 2013-இல் காவிரித் தண்ணீரை இரண்டு மாவட்டங்களுக்கும் கொண்டுவந்ததே இதற்காகத்தான். இருந்தாலும் குழாயில் தண்ணீர் வராத நாளில் போர் தண்ணீரைக் குடிக்கிற வீடுகள் இன்னும் இருக்கின்றன. அந்த வீட்டுப் பிள்ளைகளின் பல்லில் மஞ்சளாக, பழுப்பாகக் கறை படிந்திருக்கும்.

அப்படி ஒரு பெண்ணுக்கு ஆறாவதில் 'பாக்குப்பல்லு' என்று பேர் விழுந்தது. சிரிப்பு வந்தால் மேலுதட்டைக் கீழே இழுத்துப் பல்லை மூடிக்கொண்டுதான் சிரிப்பாள். வாய்விட்டுப் படிக்கச் சொன்னால் புத்தகத்தை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக்கொள்வாள். அவளுக்கு எந்தக் கேலிக் கதையைக் கொடுத்தாலும் அவளைக் குறிவைத்துக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். அதனால் அந்த வகுப்புக்குக் கதையே கொடுக்கவில்லை. தண்ணீரைப் பற்றிய ஒரு சின்ன அறிவியல் புத்தகத்தை எடுத்து எல்லோருக்கும் படித்தேன். பல் ஈறுக்குள்ளே உருவாகிற வயதில், அதாவது எட்டு வயது வரைக்கும், தண்ணீரில் ஃப்ளூரைடு அதிகம் இருந்தால் பல்லின் மேல்பூச்சு சரியாக அமையாது. அதனால் முளைக்கும்போதே கறையோடு முளைக்கும். அது அழுக்கில்லை, தேய்த்தால் போகாது, யாருக்கும் ஒட்டாது. தண்ணீரைக் கொதிக்க வைத்தாலும் ஃப்ளூரைடு போகாது, தண்ணீர் வற்ற வற்ற இன்னும் கூடத்தான் செய்யும். இதையெல்லாம் படித்த பிறகு, எந்த ஊரில் என்ன தண்ணீர் என்று பிள்ளைகளே கரும்பலகையில் எழுதினார்கள். 'எங்க ஊர்ல ஒகேனக்கல் தண்ணி', 'எங்க தெருவுல போர் தண்ணி', 'எங்க பாட்டி ஊர்ல இன்னும் கெணத்துத் தண்ணி' என்று பலகை நிறைந்துவிட்டது. மறுநாள் அந்தப் பேரை வைத்த பையனே வந்து, "டீச்சர், எங்க பெரியப்பாவுக்கும் அப்டித்தான் இருக்குது. மூட்டுவலின்னு வேற சொல்றாரு" என்றான். அந்தப் பேர் அந்த வாரத்திலேயே தேய ஆரம்பித்தது. அன்றிலிருந்து கேலிக்கு எதிரான புத்தகங்களைத் தேடும்போது அறிவியல் வரிசையையும் விடாமல் பார்க்கிறேன். தோலின் நிறம் எதனால் வருகிறது, திக்குவாய் என்றால் என்ன, வலிப்பு வந்தால் என்ன செய்ய வேண்டும், மாதவிடாய் என்றால் என்ன, இதையெல்லாம் நேராகச் சொல்லும் புத்தகங்கள் அறிவுரைக் கதைகளைவிட அதிகம் வேலை செய்கின்றன.

சாதியைப் பேசாமல் இந்த விஷயத்தை முடிக்க முடியாது. பள்ளியில் நடக்கும் சீண்டலைப் பற்றி நகரத்துக்காரர்கள் எழுதும் பிள்ளைகள் புத்தகங்களில் கண்ணாடி போட்டவன் வருவான், குண்டாக இருப்பவன் வருவான், காலனியிலிருந்து வருகிற பிள்ளை வராது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் சக மாணவர்களே வீடு புகுந்து ஒரு மாணவனையும் அவன் தங்கையையும் வெட்டினார்கள். அதன் பிறகு அரசு அமைத்த, ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துருவின் ஒருநபர் குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கையில் கட்டும் கலர் கயிறு, பள்ளிப் பெயரில் இருக்கும் சாதி அடையாளம் வரை அதில் பேசப்பட்டது. எங்கள் மாவட்டத்துக்கும் சொந்தக் காயம் உண்டு. 2012 நவம்பரில் சாதிக் கலவரத்தில் நத்தம் காலனி எரிந்தது. அந்த ஆண்டு பிறந்த பிள்ளைகள் எங்கள் வகுப்புகளில் படித்து வளர்ந்தவர்கள்தான். தெரு பெயரைச் சொல்லிக் கூப்பிடுவதும், தண்ணீர் பாட்டிலை வாய் வைக்காமல் தூக்கிக் குடிக்கச் சொல்வதும் விளையாட்டு என்றுதான் தொடங்கும்.

எட்டாம் வகுப்புக்கு நான் அம்பேத்கரின் 'விசாவுக்காகக் காத்திருக்கிறேன்' என்ற சின்ன நூலிலிருந்து பள்ளிக்கூடப் பகுதியைப் படிக்கிறேன். வகுப்பில் அவர் மட்டும் தனியாக ஒரு மூலையில் சாக்குத் துணி மேல் உட்கார வேண்டும். பெருக்குகிற ஆள்கூட அதைத் தொட மாட்டார் என்பதால் சாயங்காலம் வீட்டுக்கு எடுத்துப்போய் மறுநாள் திரும்பக் கொண்டுவர வேண்டும். தாகம் எடுத்தால் பியூன் வந்து குழாயைத் திறந்துவிட வேண்டும். பியூன் இல்லையென்றால் தண்ணீர் இல்லை. இவ்வளவுதான் அந்தப் பகுதி. அழுகை இல்லை, அறிவுரையும் இல்லை. நடந்ததை நடந்தபடி சொல்லியிருக்கிறார். ஆறாவதுக்கு இதைப் படிப்பதில்லை. எட்டாவதிலும் படித்தவுடனே "நம்ம வகுப்பில் யாருக்காவது இப்படி நடந்திருக்கா?" என்று கேட்கவே கூடாது. பாதிக்கப்பட்ட பிள்ளையை எல்லார் முன்னாலும் எழுப்பி நிற்க வைக்கிற வேலை அது. சாக்குத் துணியை அவர் சுருட்டிக்கொண்டு போனபோது மற்ற பிள்ளைகள் என்ன செய்துகொண்டிருந்திருப்பார்கள், அதை ஒரு பக்கத்துக்கு எழுதுங்கள் என்பேன். முப்பத்தைந்து பேரைப் பற்றித்தான் மறுபடியும் கேட்கிறேன்.

பெரியவர்களையும் விடாத புத்தகமாக இருக்க வேண்டும். ஆசிரியர் வாயிலிருந்து ஒரு பட்டப்பேர் விழுந்துவிட்டால், அது வகுப்புக்கே லைசென்ஸ் கொடுத்த மாதிரி. தமிழிலும் கிடைக்கிற 'டோட்டோ சான்' இந்த இடத்தில்தான் உதவுகிறது. 1981-இல் ஜப்பானில் வெளிவந்த தெத்சுகோ குரோயாநாகியின் பள்ளி நினைவுகள். அதில் தகாஹாஷி என்ற பையனுக்குக் கை கால் குட்டையாக இருக்கும், உயரமாக வளரவும் மாட்டான். மனிதனுக்கு ஒரு காலத்தில் வால் இருந்த கதையைச் சொல்லும்போது வகுப்பாசிரியை விளையாட்டாக அவனிடம் வாலைப் பற்றிக் கேட்டுவிடுகிறார். அதைக் கேள்விப்பட்ட தலைமையாசிரியர் கோபயாஷி, மற்ற ஆசிரியர்கள் இருக்கும் அறையில் வைத்து அவரைக் கண்டிக்கவில்லை. சமையலறைக்குள் வைத்துக் கண்டிக்கிறார். குரல் நடுங்கும் அளவுக்குக் கோபம், ஆனாலும் அந்த ஆசிரியைக்கும் மற்றவர் முன்னால் அவமானம் வரக் கூடாது என்று பார்க்கிறார். அதே பள்ளியின் விளையாட்டு விழாவில் எல்லாப் போட்டியிலும் தகாஹாஷி முதலில் வருகிறான். குட்டையான உடம்புக்குத் தோதான போட்டிகளை யோசித்து வைத்தவரும் கோபயாஷிதான். பரிசு முள்ளங்கியும் கீரையும். சாதித்தால்தான் மரியாதை என்ற கதைகளை வேண்டாம் என்றேனே, இது அந்த ரகம் இல்லையா என்று ஒரு நண்பர் கேட்டார். இல்லை. அங்கே மாறியது பையன் இல்லை, போட்டி மாறியது.

இரா. நடராசனின் 'ஆயிஷா'வையும் பலர் சொல்வார்கள். நானும் அதை மதிக்கிறேன். ஆனால் அது ஆசிரியர்கள் படிக்க வேண்டிய கதை. கேள்வி கேட்டதற்காக அடி வாங்கும் ஒரு பெண், அடி வலிக்காமல் இருக்கத் தன் உடம்பிலேயே சோதனை செய்து இறந்துபோகிறாள். மனம் நொந்துபோயிருக்கும் பதினோரு வயதுப் பிள்ளையின் கையில் சாவில் முடிகிற கதையைத் தனியாகக் கொடுத்தனுப்ப எனக்கு மனம் வரவில்லை. எங்கள் பள்ளியில் அது ஆசிரியர் அறை மேசை மேல் இருக்கிறது.

கிருஷ்ணகிரிப் பக்கம் வேலை செய்யும் தோழிக்கு வேறு ஒரு கவலை. ஓசூர், தேன்கனிக்கோட்டை, தளி என்று அந்தப் பக்கம் போனால் வீட்டில் தெலுங்கும் கன்னடமும் பேசும் பிள்ளைகள் நிறைய. தமிழ் வகுப்பில் ஒரு சொல் அவர்கள் வாயில் வேறு மாதிரி வந்தால் போதும், அன்று முழுக்க அதையே சொல்லிச் சிரிப்பார்கள். அவர் பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்திலிருந்து ஒரே கதையைத் தமிழிலும் கன்னடத்திலும் தெலுங்கிலும் இலவசமாக இறக்கி அச்செடுத்துக் கொடுக்கிறார். கேலி பற்றிய கதையாகவே இருக்க வேண்டும் என்று அவர் பார்ப்பதில்லை. கன்னடப் பிரதியைக் கணீரென்று படிக்க அந்தப் பிள்ளையால் மட்டும்தான் முடியும். மற்றவர்கள் "இதுக்கு என்னடா அர்த்தம்?" என்று அவனிடம் வந்து கேட்க வேண்டியிருக்கும். இதை நானும் முழு மனதோடு ஏற்கிறேன்.

எந்தப் புத்தகம் என்பதைப் போலவே, எப்படி வைக்கிறோம் என்பதும் முக்கியம். இதற்கென்று தனி அலமாரி வைத்துப் பெயர் எழுதி ஒட்ட வேண்டாம். அங்கே கை வைக்கிற பிள்ளையை மற்றவர்கள் பார்ப்பார்கள். வாசிப்பு இயக்கத்தில் அரசு கொடுத்த சின்னப் புத்தகங்கள், தேன்சிட்டு இதழ் எல்லாவற்றோடும் கலந்து கொடியில் தொங்கட்டும். சீண்டிய பையனுக்குத் தண்டனையாக "இதைப் படித்துவிட்டு வா" என்று கொடுத்தால் அவன் அந்தப் புத்தகத்தை மட்டுமில்லை, அதற்கப்புறம் எந்தப் புத்தகத்தையும் தொட மாட்டான். ஒவ்வொரு புத்தகத்தின் பின்னட்டை உள்பக்கத்திலும் 1098 (குழந்தைகள் உதவி எண்), 14417 (பள்ளிக் கல்வித் துறை உதவி எண்) இரண்டையும் எழுதி ஒட்டியிருக்கிறோம். அடி, மிரட்டல், உடம்பில் கை வைப்பது என்று போய்விட்டால் அது கதைப் புத்தகத்தால் தீர்கிற விஷயம் இல்லை. அன்றைக்கே பெரியவர்கள் இறங்க வேண்டும்.

இன்னமும் எனக்குக் கிடைக்காத கதை ஒன்று இருக்கிறது. அம்மாவும் அப்பாவும் பெங்களூரிலோ திருப்பூரிலோ வேலைக்குப் போய்விட, பாட்டி வீட்டில் வளர்கிற பிள்ளையின் கதை. "உங்கம்மா ஓடிப்போயிட்டாளா?" என்று பெற்றோர் கூட்டம் நடக்கும் நாளில் அந்தப் பிள்ளையைக் கேட்கிறார்கள். எங்கள் வகுப்புகளில் இப்போது அதிகம் காயப்படுத்துகிற கேள்வி இதுதான். பிள்ளைகளுக்கு எழுதுகிறவர்கள் யாராவது இதைப் படித்தால் தயவுசெய்து எழுதுங்கள். முப்பது பக்கத்துக்குள் இருக்கட்டும், ஆறாவது பிள்ளை எழுத்துக்கூட்டிப் படிக்கிற மாதிரி எழுத்து பெரிதாக இருக்கட்டும். அந்தக் கேள்வி கேட்கப்படும்போது பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்த பிள்ளை அந்தக் கதையைச் சொல்லட்டும்.